க்ளிப் போட்டு ஓட்டிய கடைவாய்ப்பல்

சடையப்பனுக்கு மென்று தின்ன இருந்தது ஒரே ஒரு பக்கம். இடது பக்கம் கீழே கடைவாய்ப்பல் இரண்டையும் நாற்பது வயதுக்குள் பிடுங்கிப் போட்டாயிற்று. வலது பக்கம் கீழே இருந்த பெரிய பல்தான் கறி, கடலை, காய்ந்த சப்பாத்தி எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பல்லுக்கும் கேடு வந்துவிட்டது. அதுவும் போனால் மிச்ச ஆயுசுக்கு ரசஞ்சோறும் இட்லியும்தான். வயது நாற்பத்தொன்பது. பிரஸ் தூக்குகிற உடம்புக்கு ரசஞ்சோறு எத்தனை நாள் தாங்கும்?

பிரஸ் என்றால் பெல்ட் ஜாயிண்ட் போடுகிற பிரஸ். மைன்ஸிலிருந்து தெர்மலுக்கு, அதாவது கரண்ட் எடுக்கிற அனல்மின் நிலையத்துக்கு, கரி போவது ரப்பர் பெல்ட்டில். பெல்ட் அறுந்தால் கரி நிற்கும், அங்கே கரி சேர்த்து வைக்கிற பங்கர் காலியாகும், மேலிருந்து கீழ்வரை அத்தனை பேருக்கும் ரத்தம் கொதிக்கும். அப்போது கூப்பிடுகிற ஆள் சடையப்பன். இருபத்துநாலு வருஷமாகக் காண்ட்ராக்ட். பர்மனெண்ட் ஆகும் ஆகும் என்று பேச்சு வரும், போகும். அவன் அதைக் காதில் வாங்குவதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று.

ஜாயிண்ட் போடுவது பார்க்க ஒன்றுமில்லாத வேலை. அறுந்த இரண்டு முனையையும் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக உரிக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். சொல்யூஷன் பூசிக் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் வேர்வை இருக்கும், அது பட்டால் கெட்டது. பிறகு ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டி, பிரஸ்ஸுக்குள் இறுக்கி, முக்கால் மணி நேரம் சூடு கொடுக்க வேண்டும். ஆறுகிற வரைக்கும் ஒருத்தனும் கை வைக்கக்கூடாது. கரித்தூள் ஓயாமல் பறக்கிற இடம் அது. அதனால் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டாமல் சடையப்பன் கத்தியை எடுக்க மாட்டான். ஈரத்தோடு மூடிய ஜாயிண்ட் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து உள்ளுக்குள்ளேயே கொப்பளித்து வாயைப் பிளக்கும்.

முடித்த ஜாயிண்ட்டின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட்டால் தேதி போடுவது அந்த கேங்கின் பழக்கம். எந்த ஜாயிண்ட் எத்தனை நாள் ஓடியது என்று பிறகு தெரிய வேண்டுமல்லவா. க்ளிப்புக்கு மட்டும் தேதி கிடையாது. க்ளிப் என்பது அவசரத்துக்கு இரும்புப் பல் வைத்து சுத்தியலால் அறைந்து பெல்ட்டை ஓடவைப்பது. அடுத்து வேலைக்காக பெல்ட்டை நிறுத்தித் தருகிற ஷட்டவுன் வரைக்கும் என்று சொல்லித்தான் போடுவார்கள். ஷட்டவுன் தள்ளிப்போகும். க்ளிப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் நடு ஷிஃப்ட்டில் பிய்த்துக்கொண்டு போய் பாதி பெல்ட்டையும் கிழித்துவிடும். சடையப்பன் க்ளிப்பைக் கண்டால் காறித் துப்புவான். "இதுக்கு பதிலா கயித்த கட்டி இழுங்கடா" என்பான்.

அப்படிப்பட்டவன்தான் தன் பல்லை ஏழு மாதம் க்ளிப் போட்டு ஓட்டினான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தப் பல் வலித்தபோது தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மந்தாரக்குப்பத்தில் இருந்த ஒரு டாக்டர் பிடுங்கிவிடலாம் என்றார். பொண்டாட்டி கண்ணகிதான் விடவில்லை. "இருக்கிறதே ஒரு பல்லு, அதையும் புடுங்கிப்புட்டு நான் இன்னாத்த ஆக்கிப் போடறது உனக்கு?" என்று வடலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் காயத்ரி. கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சில் சிரிப்புக் குறைச்சல்.

அவர் பல்லைத் திறந்தார். உள்ளே சேர்ந்திருந்த சீழ் இறங்கியது. இறங்கிய நிமிஷம் உடம்பே லேசானது. மருந்து வைத்து, மேலே வெள்ளையாக ஏதோ அடைத்து, "இது தற்காலிக அடைப்புதான். பத்து நாள்ல வரணும். வேர் சிகிச்சை இன்னும் முடியல" என்றார். தலையாட்டிவிட்டு வந்தான்.

பத்தாவது நாள் ஒரு ஷட்டவுன். வேலை முடித்து வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் சாய்ந்துவிட்டான். அதற்கடுத்த வாரம் கேங்கில் ஒருத்தன் லீவு. அப்புறம் நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் சங்கீதாவுக்குப் பிரசவம். வலி போய்விட்டது. வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் வேலையை விடுவதா? ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டான். உண்மையைச் சொன்னால், அலுப்பு. வடலூர் பஸ்ஸில் ஏறி, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேண்டுமே என்று நினைத்தாலே உடம்பு வேண்டாம் என்றது.

வெள்ளை அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஈறில் ஒரு கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஆறு மாதம் தாண்டி ஒரு காலையில் கன்னம் வீங்கி, ஹெல்மெட் வார் போட முடியவில்லை. கேங்கில் சின்னவன் சிலம்பரசன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, வாயில பலாச்சுளைய வச்சிகினு வந்துட்டியா? எங்களுக்கும் ஒண்ணு குடு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க முடியாதவன் சடையப்பன் ஒருத்தன்தான்.

டாக்டர் காயத்ரி பழைய சீட்டைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"பத்து நாள்ல வரச் சொன்னேன். ஏழு மாசம் கழிச்சு வர்றீங்க."

"வேல டாக்டரம்மா. வலியும் இல்ல."

"வலி இல்லைன்னா வியாதி இல்லைன்னு யார் சொன்னா உங்களுக்கு? உள்ள நரம்பு செத்துப்போச்சு, செத்தது வலிக்காது. மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

"அப்பப்ப."

"மாத்திரை ரத்தத்துல போகும். செத்த பல்லுக்குள்ள ரத்தம் ஏது? மாத்திரை அங்க போகவே போகாது. உள்ள இருக்கிறதக் கையால சுத்தம் பண்ணித்தான் எடுக்கணும்."

ஒரு சின்னக் கம்பியின் அடியால் பல்லைத் தட்டினார். முதலில் பக்கத்துப் பல், பிறகு அது. சடையப்பன் நாற்காலியில் துள்ளினான். தட்டிப் பார்ப்பது அவனுக்கும் தெரிந்த வேலைதான். சுத்தியல் பிடியால் ஜாயிண்ட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தால், ஒட்டாத இடத்தில் சத்தம் பொத்தென்று விழும்.

எக்ஸ்ரே எடுத்தார். கம்ப்யூட்டரில் வேரின் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம், சுண்டைக்காய் அளவு.

"எலும்பு கரைஞ்சிருக்கு. போன தடவை இதுல பாதிகூட இல்ல."

"போச்சா அப்ப?"

"இன்னும் போகல. பல்லுல விரிசல் விழுந்து வேர் வரைக்கும் இறங்கியிருந்தா எடுத்துத்தான் ஆகணும். அதை முதல்ல பாக்கறேன். இறங்கலைன்னா முறையாச் செஞ்சு காப்பாத்தலாம். கறுப்பு விழாத பல்லா இருந்தா பத்துல ஒம்போது நிக்கும். இது அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நான் உங்களுக்குப் பொய் சொல்லப் போறதில்ல."

"இன்னிக்கே முடிச்சு மூடிருங்க டாக்டரம்மா. மறுபடி லீவு கேட்டா மேஸ்திரி தூக்கிப்புடுவாரு."

"உள்ள எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

ஊசி போட்டு மரத்துப்போகும் வரை காத்திருந்தார். பிறகு நீல நிறத்தில் ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்தார். நடுவில் ஒரு ஓட்டை. பல்லைக் கவ்வுகிற சின்ன இரும்பு வளையத்தை மாட்டி, ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிய, ஷீட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். மற்ற பல், நாக்கு, எச்சில் எல்லாம் ஷீட்டுக்குக் கீழே போய்விட்டன.

"எச்சில்ல கிருமி இருக்கு. அது உள்ள இறங்கினா நான் பண்ற சுத்தத்துக்கு அர்த்தமே இல்ல. நான் ஊத்தற மருந்தும் உங்க தொண்டைக்குள்ள போகக்கூடாது" என்றார்.

சடையப்பனால் பதில் சொல்ல முடியாது. கண்ணை மட்டும் உருட்டினான். தார்ப்பாய் கட்டுகிறாள் இந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டான். அதுவரை இறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் இறங்கியது. இத்தனை வருஷத்தில் தன்னைப் போலவே தார்ப்பாய் கட்டிவிட்டு வேலையில் இறங்குகிற இன்னொரு ஆளை அவன் பார்த்ததில்லை. அவன் கேங்கிலேயே அவன் திரும்பினால் கட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

விரிசலுக்கு மருந்து மை தடவி, பூதக்கண்ணாடி மாட்டி வெகுநேரம் பார்த்தார். மேலே ஒரு கோடு இருந்தது. கீழே இறங்கவில்லை. "தப்பிச்சீங்க" என்றார்.

மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். கன்னத்தில் ஒரு கொக்கியை மாட்டி, பக்கத்தில் ஒரு மெஷின். கம்பி வேரின் நுனியை நெருங்க நெருங்க மெஷின் கிக் கிக் என்றது. நுனிக்கு முன்னாலேயே நின்றால் அழுக்கு தங்கும், தாண்டினால் எலும்பைக் குத்தும், அதற்குத்தான் அளவு என்றார். வேர்களுக்குள் இறங்குகிற மூன்று வழிகளை அளந்தார். நாலாவதாக ஒன்று இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டுத் தேடினார். கால் மணி நேரம். சடையப்பனின் தாடை கழன்று விழுந்துவிடும் போல் இருந்தது. கடைசியில் பின்பக்க வேரில் ஒட்டினாற்போல் கிடந்தது அந்த நாலாவது வழி.

"இதை விட்டிருந்தா என்ன பண்ணியும் வேஸ்ட்டுதான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

பிறகு கழுவினார். சடையப்பன் மூக்குக்கு பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. முனை அடைத்து, பக்கவாட்டில் ஓட்டை இருக்கிற ஊசி. அழுத்தாமல், சொட்டுச் சொட்டாக. கம்பியால் சுரண்டுவது, கழுவுவது, மறுபடி சுரண்டுவது, மறுபடி கழுவுவது. அந்தப் பெண்ணுக்கும் முதுகு வலித்திருக்கும். இடையில் ஒரு தரம் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவன் பார்ப்பதைக் கண்டதும் குனிந்துவிட்டார்.

கழுவி முடித்து, மெல்லிய காகிதக் குச்சிகளை ஒவ்வொரு வழியாக உள்ளே விட்டு எடுத்தார். மூன்று காய்ந்து வந்தன. நாலாவதின் நுனியில் ஈரம், கொஞ்சம் மஞ்சள். இன்னொன்றை விட்டார். அதுவும் ஈரம். அதை அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"பாருங்க. இன்னும் கசியுது. இன்னிக்கு மூட முடியாது. சுண்ணாம்பு மாதிரி ஒரு மருந்து உள்ள வச்சு அனுப்பறேன். அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணி. காய்ஞ்சிருந்தா அன்னிக்கு மூடலாம்."

இன்றைக்கே மூடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடவாவது வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தவன் சடையப்பன். அந்த ஈரக் குச்சியைப் பார்த்த பிறகு கை எழவில்லை. ஈரத்தோடு மூடு என்று அவனைப் பார்த்து எத்தனை மேஸ்திரிமார் கத்தியிருப்பார்கள். அவர்களோடு தானும் போய் வரிசையில் நிற்க அவனுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மேஸ்திரி பழனிவேலிடம் சொன்னான். "வேழக்கெழம வரமாட்டேன் மேஸ்திரி. பல்லுக்குப் போறேன்."

பழனிவேல் அவன் வயதுக்காரர். சேர்ந்து வேலைக்கு வந்தவர்கள்தான். அவர் மேஸ்திரி ஆனார், இவன் ஆகவில்லை. "பல்லு ஒரு வேலையாய்யா? என் பொண்டாட்டிக்கு ஆறு பல்லு இல்ல, நல்லாத்தான் திட்டிகினு இருக்கா" என்றார். பிறகு, "போ. போனைக் கையில வச்சிக்க" என்றார்.

வியாழக்கிழமை வந்தது. கன்னம் வற்றியிருந்தது. கண்ணகியும் கூட வந்தாள். "நீ தனியா போனா பாதி வழியில எறங்கி மைன்ஸுக்குப் போயிருவ. உன்ன எனக்குத் தெரியாதா?" என்று பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை அடைத்து உட்கார்ந்துகொண்டாள்.

நாற்காலியில் சாய்ந்து, ஊசியும் போட்டாயிற்று. டாக்டர் நீல ஷீட்டைக் கையில் எடுக்கிறார். போன் அடித்தது. பழனிவேல்.

"சடையப்பா, நாலாம் நம்பர் பெல்ட்டு பூடுச்சுய்யா. பங்கர்ல மூணு மணி நேரத்துக்குத்தான் கரி இருக்குதாம். வண்டி அனுப்பறேன், வா."

சடையப்பன் மேலே விளக்கைப் பார்த்தான். கண் கூசியது. இப்படிப்பட்ட போன் வந்து அவன் எழுந்து போகாத நாள் ஒன்றுகூட இல்லை. அப்பா காரியத்தன்றுகூடப் படையலை வைத்துவிட்டுப் போனவன். இப்போது எழுந்து போனால் இந்த நாற்காலிக்கு மறுபடி எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியும். உதடு மரத்துக் கோணிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, க்ளிப்பு போட்டு ஓட்டுங்க."

அந்தப் பக்கம் பழனிவேல் குரலை உயர்த்தினார்.

"யாரு பேசறது?"

"நான்தான். க்ளிப்பு போட்டு ஓட்டுங்க. காலையில ஃபஸ்ட் ஷிஃப்டுக்கு வந்து ஜாயிண்ட் போட்டுத் தரேன்."

"க்ளிப்புன்னு சொன்னா துப்புவியேய்யா நீ? குடிச்சிருக்கியா? பேச்சே ஒளறுது."

"ஊசி போட்டுருக்குது. செலம்பரசனுக்கு அடிக்கத் தெரியும். முனைய மட்டும் நேரா வெட்டச் சொல்லுங்க."

"அப்ப வரமாட்ட?"

"இன்னிக்கு வரமாட்டேன்."

"இத நான் மறக்க மாட்டேன் பாத்துக்க" என்று போனை வைத்தார் பழனிவேல். கண்ணகி வெளியே பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, அவன் கையிலிருந்து போனை வாங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் ஷீட்டை மாட்டினார். உள்ளே வைத்த மருந்தைக் கழுவி எடுத்து, மறுபடி பிளீச்சிங் வாசனை, மறுபடி காகிதக் குச்சி. நாலாவது வழியிலிருந்து வந்த குச்சியைக் கேட்காமலே அவன் கண்முன் பிடித்தார். நுனி வெள்ளையாக இருந்தது. இன்னொன்று விட்டார். அதுவும் காய்ந்து வந்தது.

வேருக்குள் அடைப்பது ஒருவகை மரப்பால்தான், ரப்பருக்குச் சொந்தம் என்றார். பசை தடவி, சூடான முனையால் அழுத்தி, நாலு வழியையும் அடைத்து எக்ஸ்ரே எடுத்தார். வேர் நுனி வரை வெள்ளைக்கோடு. உடனே அதே ஷீட்டுக்குள்ளேயே மேலே கெட்டியாக அடைத்துவிட்டார். "பல்லுக்கு மேல தொப்பி மாதிரி மூடி போடறது பதினாலாம் தேதி" என்றார். "அதுக்குத்தான் யாரும் வர மாட்டாங்க. வலி போயிருக்கும். பல்லு காய்ஞ்ச விறகு மாதிரி ஆயிருக்கும். மேல மூடி போடலைன்னா ஒரு நாள் கல்லுக் கடிச்சுப் பிளக்கும். இன்னிக்கு நான் செஞ்சது பாதிதான். அது வரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கடிக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு எக்ஸ்ரேல அந்தக் கறுப்பு சுருங்கியிருந்தாத்தான் ஜெயிச்சோம்னு சொல்லலாம்."

"எந்தப் பக்கம் கடிக்கிறது பின்ன?" என்றாள் கண்ணகி. "அவருக்கு இருக்கிறதே அந்தப் பக்கந்தான்."

"பதினாலு வரைக்கும் ரசஞ்சோறு போடுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு சடையப்பன் நாலாம் நம்பர் பெல்ட்டில் நின்றான். க்ளிப் ராத்திரி முழுக்க ஓடியிருந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு இரும்புப் பல் பிய்ந்து தொங்கியது. பழனிவேல் அவனோடு பேசவில்லை. பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளுகிற வேலைக்கு முதலில் அவனை இறக்கினார். புது ஆட்கள் செய்கிற வேலை அது. இரண்டு மணி நேரம் குனிந்து அள்ளினான். இடுப்பு விட்டுப்போயிற்று. எட்டு மணிக்கு ஷட்டவுன் கிடைத்ததும், வேறு வழியில்லாமல், "போய் உன் வேலையப் பாரு" என்றார்.

"நான் அடிச்ச க்ளிப்பு எப்பிடிண்ணே?" என்றான் சிலம்பரசன்.

"ஓடுச்சு இல்ல. தார்ப்பாய எடு."

சடையப்பன் நாலு பக்கமும் கட்டினான். சிலம்பரசனைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே உரித்தான், சுரண்டினான், பூசினான். விரலின் பின்பக்கத்தால் தொட்டு, இன்னும் பத்து நிமிஷம் என்றான். பழனிவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிரஸ் இறுகி, சூடேறி, ஆறி, பெல்ட் ஓடத் தொடங்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. எவர்சில்வர் டப்பாவில் ரசஞ்சோறு. நிற்கக்கூடத் தெம்பில்லாமல் பிரஸ் பெட்டிமேல் உட்கார்ந்து அதை விழுங்கினான்.

பெல்ட் ஓரத்தில் தேதி போட்ட மஞ்சள் பெயிண்ட் டப்பா இன்னும் திறந்தே இருந்தது. சடையப்பன் பிரஷ்ஷை எடுத்து, பிரஸ் பெட்டியின் மூடிமேல், தினமும் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், 14 என்று பெரிதாக எழுதினான்.

தண்ணீர் குடிக்க வந்த பழனிவேல் அதைப் பார்த்தார். ரெண்டு நாள் பேசுவதில்லை என்று இருந்தவர்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னாய்யா இது? எந்த பெல்ட்டுக்கு தேதி?"

"என்னுது மேஸ்திரி. பல்லுக்கு மூடி போடறாங்க. அன்னிக்கு வரமாட்டேன்."

"அன்னிக்கும் பெல்ட்டு பூடுச்சுன்னா?"

சடையப்பன் சோற்று டப்பாவைக் கழுவி மூடினான். "செலம்பரசன் இருக்கான். இப்ப ஜாயிண்ட்டே போடக் கத்துக்கினான்" என்றான்.

பழனிவேல் அந்த எண்ணை இன்னொரு தரம் பார்த்தார். பெயிண்ட் காயவில்லை. கையால் அழித்தால் அழிந்துவிடும். தண்ணீரைக் குடித்து, பாட்டிலை மூடி, வேறு பக்கம் போனார்.